மாமனார் எழுதிய ஒன்பது கார்டுகள்

என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதற்குள் சணல் கயிற்றால் கட்டிய ஒன்பது போஸ்ட் கார்டுகள். எல்லாம் 1971 தீபாவளிக்குப் பிந்திய பத்து நாட்களில் அடையாற்றிலிருந்து தி. நகருக்கு வந்தவை. வந்த கடிதங்களுக்கு எண்ணும் தேதியும் போட்டு ஒரு நோட்டில் பதிந்துவைப்பது எனக்கு இருபது வயதிலிருந்து உள்ள பழக்கம். இந்த ஒன்பதுக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் உண்டு. முதல் கார்டுக்கு எதிரே நான் எழுதியிருப்பது இது: "எழுத்து கோணல். அவசரத்தில் எழுதியது போலும். வலது ஓரத்தில் காபிக் கறை." இந்த மூன்று வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. முதலாவது பிழை என்று தெரிய எனக்கு எட்டு வருடம் ஆயிற்று. இரண்டையும் திருத்துவதற்கு அதைவிடப் பல மடங்கு அதிக காலம் எடுத்துக்கொண்டேன்.

கார்டுகளை எழுதியவர் என் மாமனார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விழுப்புரத்துக்குத் தெற்கே பெயர்ப் பலகையைத் தவிர வேறு அடையாளம் இல்லாத சிறிய ஸ்டேஷன்களில் முப்பது வருடத்துக்கு மேல் கழித்துவிட்டு, கடைசியில் அடையாறு காந்தி நகரில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த ரயிலையும் போன ரயிலையும் நிமிடம் தவறாமல் எழுதிய கை, ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. பால் வந்த நேரம், குழாயில் தண்ணீர் நின்ற நேரம், மழை பிடித்த நேரம் எல்லாவற்றையும் தினசரிக் காலண்டர் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவைப்பார். நான் பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மயிலாப்பூர்ல எத்தனை மணிக்கு பஸ் ஏறினீங்க?" என்பது. "நாலு இருபத்திரண்டுக்கு" என்று நான் சொன்ன மாத்திரத்தில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, தான் காபி கொண்டுவந்தது வெறும் சம்பிரதாயம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வீட்டில் ஒரு நாய் இருந்தது. பெயர் ஜிம்மி. செம்பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும் நாட்டு நாய். மாமனார் கடைசியாக வேலை பார்த்த ஸ்டேஷனில் பார்சல் அறைக்குப் பின்னால் பிறந்தது. ஓய்வு பெற்றுக் கிளம்பும்போது மற்ற சாமான்களோடு அதையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இன்ஜின் ஊதினால் காதைக்கூட அசைக்காத அந்த நாய்க்குப் பட்டாசு என்றால் உயிர் போய்விடும். ஒரு ஊசிவெடி வெடித்தாலும் வாலை இடுக்கிக்கொண்டு இடம் தேடி ஓடும். உடம்பு நடுங்கும், மூத்திரம் போய்விடும். ஒளிந்திருக்கும்போது யாராவது தொட்டால் பல்லைக் காட்டும். ஜிம்மி வந்த வருடத்திலிருந்து மாமனார் பட்டாசைக் கையால் தொடுவதை விட்டுவிட்டார். கடைசிப் பெண்ணான என் மனைவி மத்தாப்பு கொளுத்த ஆசைப்பட்டால்கூடத் தெருமுனைக்குப் போய்த்தான் கொளுத்த வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலமே ஜிம்மியைக் கொல்லைப்புறக் குளியலறைக்குக் கொண்டுபோய்விடுவார். சுவர் கனம். இருந்த ஒரே ஜன்னலைச் சாக்கால் மூடிவிடுவார். வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால் அடுப்பின் கதகதப்பில் ஜிம்மி சுருண்டுகொள்ளும். தீபாவளிக் குளியல் வீட்டில் எல்லோருக்கும் கிணற்றடியில்தான். நான்கு வருடம் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

ஐந்தாவது வருடம் நான் வந்து சேர்ந்தேன். தலை தீபாவளி. மாப்பிள்ளையைக் கிணற்றடியில் நிறுத்திக் குளிக்க வைப்பதா என்று மாமியார் கேட்டிருக்கிறார். "சம்பந்தி வீட்ல கேட்டா என்ன சொல்றது? நாய் குளியல் ரூம்ல இருந்துச்சு, அதனால மாப்பிள்ளை வெளியில குளிச்சாருன்னு சொல்றதா?" குளியலறைக்கு வெள்ளையடித்தார்கள். நிலையில் மாவிலை கட்டினார்கள். அண்டாவைப் புளி போட்டுத் துலக்கிப் பொட்டு வைத்தார்கள். ஜிம்மியை விறகு அறையில் விட்டு வெளியே சங்கிலி போட்டார்கள். விறகு அறைக் கதவின் அடிப்பலகை உளுத்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. நாய்க்கு இடம் மாற்றினால் நாய் மாறிக்கொள்ளும் என்று, ஊரில் எல்லா ரயிலுக்கும் தண்டவாளம் மாற்றிவிட்ட அந்த மனிதர் எப்படி நினைத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை வருகிற பரபரப்பு அவரையும் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

விடியற்காலை நாலரை மணிக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு குளிக்கப் போனேன். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்த நேரம். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு சரம் தொடர்ச்சியாக வெடித்தது. நான் சொம்பைத் துழாவிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தேன். கால் மெத்தென்று எதன் மீதோ பட்டது. அடுத்த கணம் இடது கெண்டைக்காலில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. நான் போட்ட சத்தம் சரவெடியைத் தாண்டிக் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். மாமனார்தான் முதலில் ஓடிவந்தார். கண்ணில் சீயக்காய் எரிய நான் தண்ணீரை வாரி வாரி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் அண்டாவுக்குப் பின்னால் குனிவதும், "டேய், நான்தான்டா, நான்தான்" என்று சொல்வதும், ஓர் உறுமலும் காதில் விழுந்தன. நான் கண்ணைத் திறந்தபோது அவர் வலது கையைத் துண்டில் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு, இடது கையால் ஜிம்மியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போய்க்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை அன்றைக்கே எழுதிவைத்திருக்கிறேன். காலைக் கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். மாமியார் மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் கொண்டுவந்தார், என் மனைவி தட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு வக்கீல் மதில் மேல் தலையை நீட்டி, "என்ன சார், மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டு விருந்து பலமோ?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஸ்டேஷன் மாஸ்டர், இது விளையாட்டுக் காரியம் இல்ல. நான் போய் கார்ப்பரேஷனுக்கு ஒரு போன் போடறேன். வண்டி வந்து பிடிச்சுட்டுப் போகட்டும். தெருவுல சின்னக் குழந்தைங்க இருக்கு" என்றார். மாமனார், "டாக்டர் சொல்றதைக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம் வக்கீல் சார்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு தெரு தள்ளி இருந்த டாக்டர் புது வேட்டியின் மஞ்சள் காயாமல் வந்தார். காயத்தைப் பார்த்தார். இரண்டு பல் ஆழமாக இறங்கியிருந்தது. "ஊசின்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு. அதுவும் சும்மா போடற ஊசி இல்ல, அதாலயே சிலருக்குக் கெடுதல் வரும். காயம் கால்ல இருக்கு. மேல போகப் போகத்தான் ஆபத்து சீக்கிரம். தலை, கழுத்து, கைன்னா நான் யோசிக்கவே மாட்டேன், இன்னிக்கே ஆரம்பிச்சுடுவேன்" என்றார். பிறகு நாயைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டு நாயா, தெருவில் அலையுமா, முந்தி யாரையாவது கடித்திருக்கிறதா. கடைசியாக, "இன்னிக்கு வேற யாரையாவது கடிச்சுதா?" என்று கேட்டார். மாமனார் வாசல்படி அருகே நின்றுகொண்டிருந்தார். "இல்ல டாக்டர்" என்றார். "அப்ப சரி. ஒருத்தரை, அதுவும் மிதிச்சதால கடிச்சிருக்கு. பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, குரல் மாறுதா, எச்சில் வடியுதா. பத்தாம் நாளும் நல்லா நடமாடினா அதுக்கு வெறி இல்ல, மாப்பிள்ளைக்கும் பயமில்ல. நடுவுல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா அன்னிக்கே ஊசி. நாயையும் விடறதுக்கில்ல."

கேள்வியும் பதிலும் என் நோட்டில் அப்படியே இருக்கின்றன.

சாப்பாட்டு நேரத்தில் மாமியார், "கையில என்னங்க கட்டு?" என்று கேட்டார். மாமனாரின் வலது கையில் கட்டைவிரலைச் சேர்த்து வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. "பக்கத்து வீட்டுப் பசங்க விட்ட சங்குச் சக்கரம் நம்ம வாசலுக்கு வந்துடுச்சு. கையால தள்ளிட்டேன்" என்றார். தீபாவளி நாளில் கையில் கட்டுப் போட்டவர்களைத் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. என் காலைச் சுற்றித்தான் எல்லோருடைய கவலையும் இருந்தது. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நானும் மனைவியும் மயிலாப்பூருக்குத் திரும்பினோம். என் அம்மாவிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னோம். நாய் கடித்தது என்று தெரிந்தால் அன்றைக்கே சம்பந்திகளின் உறவு முடிந்திருக்கும். கிளம்பும்போது மாமனார், "வீட்டு விலாசத்துக்கு வேண்டாம். ஆபீஸுக்குத் தினமும் ஒரு கார்டு போடறேன். உள்ளது உள்ளபடி எழுதுவேன். நீங்க எதுக்கும் மனசைக் குழப்பிக்காதீங்க மாப்பிள்ளை" என்றார். எங்கள் அலுவலகம் பாண்டி பஜாருக்குப் பக்கத்தில் இருந்தது. அடையாற்றில் சாயங்காலம் பெட்டியில் போட்டால் மறுநாள் மதியத்துக்குள் என் மேஜைக்கு வந்துவிடும்.

முதல் கார்டில் இப்படி எழுதியிருந்தார்: "6.10 தண்ணீர் குடித்தான். 8.30 தயிர் சாதம், முழுதும். 11.00 வெளிக்குப் போனான். 4.45 தபால்காரரைப் பார்த்துக் குரைத்தான், குரலில் மாற்றம் இல்லை. எச்சில் இல்லை. மற்றபடி க்ஷேமம்." நாய் என்ற சொல் ஒன்பது கார்டுகளில் ஓரிடத்தில்கூடக் கிடையாது. எப்போதும் "அவன்"தான். இதனால் ஒரு சிக்கல் வந்தது. கார்டு என்பது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடியது. மூன்றாம் நாள் எங்கள் ஆபீஸ் பியூன் கார்டை மேஜையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார்.

"இன்னா சார், டெய்லி ஒண்ணு வந்துகினே கீது. தண்ணி குடிச்சான், வெளிக்குப் போனான்னு எழுதிக்கீறாரு. ஊட்ல யாருக்கு சார் உடம்பு சரியில்ல?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன்.

"அது சரி. ஆனா இன்னிக்கு, பாத்திரக்காரனைப் பாத்துக் கொலைச்சான்னு போட்டுக்கீதே, அத்தான் பிரியல. நீ கவலப்படாத சார், ராயப்பேட்டைல ஒரு பாய் கீறாரு, மந்திரிச்சு ஒரு கயிறு கட்டுனார்னா கொலைக்கிறது நின்னுபூடும்."

கவலைப்படாமல் இருக்க முடியவில்லை. எனக்குப் புத்தகம் படிக்கிற பழக்கம் உண்டு. அந்த வாரம் அது நல்ல பழக்கமாக இல்லை. மதிய இடைவேளையில் நூலகத்துக்குப் போய் ஒரு கனமான மருத்துவ நூலை எடுத்து, வெறிநாய்க்கடியைப் பற்றிய அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். அன்று முதல் ஒவ்வொரு மடக்குத் தண்ணீர் குடிக்கும்போதும் தொண்டை இழுத்துப் பிடிக்கிறதா என்று கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்தால் இழுத்துப் பிடிக்கத்தான் செய்தது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொம்பை நீட்டி, "குடிங்க, நான் பாக்கறேன்" என்பாள். நான் குடித்து முடித்ததும், "ஜிம்மியே ஒழுங்கா குடிக்குது" என்பாள். அவள் பயப்படவில்லை. "அப்பா பொய் எழுத மாட்டார்" என்பது அவளுடைய ஒரே வாதம்.

சனிக்கிழமை வந்தது நாலாவது கார்டு. வெள்ளிக்கிழமை எழுதியது. "6.10 தண்ணீர், கொஞ்சம். 8.30 சாதம் தொடவில்லை. 12.00 தொடவில்லை. 3.20 வாயோரம் எச்சில் காண்கிறது. மூலையைவிட்டு வரவில்லை. மாட்டு டாக்டருக்குச் சொல்லியிருக்கிறேன். உள்ளதை எழுதுகிறேன்." சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஒரு மணிக்குக் கிளம்பி அடையாறு பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் அடையாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது கீழே ஆற்றுத் தண்ணீரைப் பார்க்கக்கூடாது என்று முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். வெறி கண்டவருக்குத் தண்ணீரைப் பார்த்தாலே பயம் வரும் என்பது நூலில் படித்த இன்னொரு விஷயம்.

வீட்டு வாசலில் கால்நடை டாக்டரின் ஸ்கூட்டர் நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் வக்கீல். "இப்பவாவது நான் சொல்றதைக் கேளுங்க, போன் போட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொல்லையில் ஜிம்மி சங்கிலியில் தலையைத் தொங்கப்போட்டுப் படுத்திருந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கியது. மாமனார் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான்கு நாளில் பத்து வயது கூடியவர்போல் இருந்தார். சவரம் செய்யவில்லை. அவர் சவரம் செய்யாமல் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. டாக்டர் ஒரு குச்சியை நீட்டிப் பார்த்தார். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தார், ஜிம்மி இரண்டு நக்கு நக்கியது. வயிற்றை அழுத்தினார், முனகியது. அவர் நிமிர்ந்து, "இதுக்கு என்ன சாப்பிடக் கொடுத்தீங்க?" என்று கேட்டார்.

"தயிர் சாதம், காலைல எட்டரைக்கு, சாயங்காலம் ஆறுக்கு" என்றார் மாமனார். காலண்டர் தாள்களையே எடுத்து நீட்டினார்.

"இது வயித்துல தயிர் சாதம் மட்டும் இல்ல சார். வேற யாராவது ஏதாவது கொடுத்தாங்களா?"

சமையலறை வாசலில் நின்ற மாமியார் முந்தானையைத் திருகிக்கொண்டு, "ரெண்டே ரெண்டு மைசூர்பாகு" என்றார்.

"எப்ப?"

"தினமும்."

"தினமும் ரெண்டா?"

"காலைல ரெண்டு, மத்தியானம் ரெண்டு. முந்தாநாள் மட்டும் கொஞ்சம் லாடும். பாவம், வாயில்லாத ஜீவன். பண்டிகையும் அதுவுமா கட்டிப் போட்டிருக்கோமே, அது என்ன பாவம் பண்ணுச்சுன்னு மனசு கேக்கல. மாப்பிள்ளைக்குன்னு செஞ்ச பட்சணம், அவரும் சாப்பிடாமப் போயிட்டார்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அம்மா, இதுக்கு வெறி இல்ல, நெய். வயிறு கெட்டுப்போய் குமட்டுது, அதான் எச்சில். ஒரு நாள் பட்டினி போடுங்க. நாளைக்கு அரிசிக் கஞ்சி." பிறகு மாமனாரிடம் திரும்பி, "ஆனா நான் சொல்றது இன்னிக்குப் பாத்ததை வெச்சு. பத்து நாள் கணக்கை விட்டுடாதீங்க" என்றார்.

மதிலுக்கு மேலிருந்து வக்கீல், "மைசூர்பாகுக்கு செக்ஷன் கிடையாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மாமனார் எழுந்து துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். கண்கள் நிறைந்திருந்தன. எனக்காக இப்படித் துடிக்கிறாரே என்று எனக்கு மனம் இளகிப்போயிற்று. "எனக்கு ஒண்ணும் ஆகாது மாமா" என்று அவருக்கு நான் ஆறுதல் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆகாது மாப்பிள்ளை" என்றார்.

சனிக்கிழமை நான் நேரில் போனதால் அன்றைக்குக் கார்டு இல்லை. பத்து நாளுக்கு ஒன்பது கார்டு ஆனது அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை எழுதியதும் திங்கட்கிழமை எழுதியதும் ஒன்றாக வந்தன. கஞ்சி குடித்தான், வாலை ஆட்டினான், பூனையைத் துரத்தப் பார்த்துச் சங்கிலி தடுத்தது என்று ஒவ்வொன்றாகச் செய்தி நல்லபடியாக மாறியது. கார்டுக்குக் கார்டு எழுத்தும் நேராகிக்கொண்டே வந்தது. கடைசிக் கார்டு முத்து முத்தான பழைய கையெழுத்தில் இருந்தது. "பத்து நாள் பூர்த்தி. 8.30க்கு முழுச் சாதம். சங்கிலியை எடுத்துவிட்டேன். லைன் கிளியர்."

அடுத்த தீபாவளியிலிருந்து குளியலறை மறுபடியும் ஜிம்மிக்கு என்று ஆயிற்று. மாமியாரே சாக்கை எடுத்துக் கொடுத்தார். நான் கிணற்றடியில் குளித்தேன். தொடர்ந்து எட்டு தீபாவளி அங்கேதான் குளித்தேன். கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையில் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

1979 கடைசியில் ஜிம்மி இறந்துபோனது. வயதாகிவிட்டது, வேறு காரணம் இல்லை. தகவல் தெரிந்து நான் போனபோது பிற்பகல் மூன்று மணி. கொல்லையில் முருங்கை மரத்துக்கு அடியில் நானும் மாமனாருமாகக் குழி தோண்டினோம். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தவர், வேண்டாம் என்று சொல்லியும் மண்வெட்டியை விடவில்லை. எல்லாம் முடிந்தபின் நான் வாளியிலிருந்து சொம்பில் தண்ணீர் எடுத்து ஊற்ற, அவர் கையைக் கழுவினார். சேறு கரைந்து இறங்கியபோது வலது கட்டைவிரலின் அடிச்சதையில் இரண்டு வெள்ளை வடுக்கள் தெரிந்தன. உள்ளங்கைப் பக்கம் ஒன்று, புறங்கைப் பக்கம் ஒன்று. என் கெண்டைக்காலில் இருப்பதும் அதேபோல இரண்டுதான். ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

"சங்குச் சக்கரம் ரெண்டு புள்ளியா சுடுமா மாமா?"

அவர் கையை மறைக்கவில்லை. "ஊத்துங்க" என்றார். ஊற்றினேன். "ரெண்டு பேரைக் கடிச்சதுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வண்டி வந்திருக்கும். பத்து நாள்லாம் யாரும் குடுத்திருக்க மாட்டாங்க. எனக்கு அவனைத் தெரியும் மாப்பிள்ளை. பயத்துல கடிச்சான். இடம் மாத்தினது நாங்க, தப்பு எங்களது."

"டாக்டர் கேட்டாரே. கைன்னா யோசிக்க மாட்டேன்னாரே. நீங்க ஊசி போட்டுக்கலை. என்னையும் போட்டுக்க விடலை. உங்களுக்குத் தெரிஞ்சது தப்பா இருந்திருந்தா?"

துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். "பெரிய மனுஷங்க போற ஸ்பெஷல் ரயிலுக்கு முன்னாடி ஒரு இன்ஜின் தனியாப் போகும், தெரியுமா? பெட்டி இருக்காது. இன்ஜின் மட்டும். தண்டவாளத்துல ஏதாவது இருந்தா அது முதல்ல மாட்டிக்கும். பின்னால வர்ற ரயிலை நிறுத்திடலாம். உங்களுக்குக் கால், எனக்குக் கை. வந்திருந்தா எனக்குத்தான் முதல்ல வந்திருக்கும்."

அந்தக் கணக்கு சரியில்லை என்று எனக்குத் தெரியும். நான் அந்த மருத்துவ நூலை இரண்டு முறை படித்தவன். அந்த நோய் யாரை முதலில் பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அவர் ஒரு நாய்க்காகத் தன் உயிரோடு என் உயிரையும் சேர்த்துப் பணயம் வைத்தார். என்னிடம் கேட்கவில்லை. தன் மகளிடமும் கேட்கவில்லை. அன்று நான் காபி குடிக்காமலே கிளம்பி வந்தேன். இரண்டு மாதம் அடையாற்றுப் பக்கம் போகவில்லை. என்ன காரணம் என்று மனைவி கேட்டபோது ஆபீசில் வேலை என்றேன். அப்பா பொய் எழுத மாட்டார் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தண்ணீர் கொடுத்தவளிடம் வேறென்ன சொல்வது? எழுதியதில் பொய் இல்லை என்பதும் உண்மைதான். அந்த ஒன்பது கார்டுகளிலும் ஒரு நிமிடம்கூடத் தவறில்லை. எச்சில் வடிந்ததை மறைத்திருந்தால் நான் அறிந்திருக்கப்போவதே இல்லை, அதையும் எழுதினார். டாக்டரிடம் அவர் சொன்ன பொய் ஒரே ஒரு வார்த்தை, அதுவும் வாயால் சொன்னது.

கோபம் எப்போது போயிற்று என்று என் குறிப்புகளில் இல்லை. தேதி போட முடியாத விஷயம் அது. அந்தப் பத்து நாளும் கட்டுப்போட்ட கையோடு, மனைவிக்கும் தெரியாமல், சங்கிலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கவளமாக எண்ணிக்கொண்டிருந்த ஒரு மனிதரை நினைத்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு அது மெல்லக் குறைந்திருக்க வேண்டும். நூலகம் எனக்குத்தான் கிடைத்தது, தண்ணீர்ச் சொம்போடு ஒருத்தி எனக்குத்தான் பக்கத்தில் இருந்தாள். துணி துவைக்கும் கல்லில் அவர் கண் கலங்கியது எனக்காக மட்டும் இல்லை என்று புரிந்தபோது, எனக்காகவும்தான் என்பதும் புரிந்தது. பொங்கலுக்கு நானே போனேன். "எத்தனை மணிக்கு பஸ் ஏறினீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

இப்போது எங்கள் மகள் வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அவளிடம் ஒரு நாய் இருக்கிறது. அதற்கென்று ஒரு சின்னப் புத்தகம், எந்தத் தடுப்பூசி எந்தத் தேதியில் போட்டது, அடுத்தது எப்போது என்று டாக்டரின் முத்திரையோடு. நான் பார்த்த ஆவணங்களில் ஒழுங்கானவற்றில் ஒன்று அது. மனிதருக்கும் இப்போது தொப்புளைச் சுற்றிப் போடுவதில்லை, கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. சந்தேகம் இருந்தால் போட்டுக்கொள்ள வேண்டும், காத்திருந்து பார்க்கிற பேச்சே கூடாது என்கிறாள் மகள். அவள் சொல்வது சரி. போன தீபாவளிக்கு நாங்கள் இருவரும் அங்கே தங்கியிருந்தோம். இரண்டு குளியலறைகளில் பெரியதை முதல் நாள் சாயங்காலமே நாய்க்கு விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளை வரிசையில் நின்று சின்னதில் குளித்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று மகளிடம் கேட்டேன். "அம்மாதான். தாத்தா வீட்ல அப்படித்தானாமே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை எடுத்தேன். மனைவியைக் கூப்பிட்டு, இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன். அவள் முதல் கார்டைக் கையில் வாங்கி, ஓரத்தில் இருந்த பழுப்புக் கறையை விரலால் தடவிப் பார்த்தாள். "அப்பா கார்டு எழுதறப்ப காபி குடிக்கவே மாட்டார்" என்றாள். "முப்பது வருஷம் லாக் புக் எழுதினவர். மேஜைமேல டம்ளர் வைக்க விடமாட்டார். உங்க நோட்டுல இருக்கறதை அன்னிக்கே என்கிட்ட காட்டியிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு கார்டை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நோட்டைத் திறந்து "அவசரத்தில் எழுதியது போலும்" என்ற வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். "கடிபட்ட கையால் எழுதியது" என்று அதன் மேல் எழுதினேன். "காபி" என்ற சொல்லை அடித்துவிட்டு "ரத்தம்" என்று எழுதினேன். டாக்டரின் கேள்வியும் பதிலும் இருந்த பக்கத்தில் எதையும் திருத்தவில்லை. மாமனார் சொன்னது அதுதான். பக்கத்தின் ஓரத்தில் மட்டும், அவர் கார்டுகளில் எழுதுவதுபோல, நேரத்தைக் குறித்தேன்: "மாலை 6.10. திருத்தியாயிற்று. மற்றபடி க்ஷேமம்."